மூன்றாம் இடத்தில் வந்த ரூக்கி

அண்ணன் டீமை விட்டுப் போகிறான் என்று எனக்குச் சொன்னவர் டியூஷன் சென்டர்காரர். கத்திரி தொடங்கிய வாரம். கள்ளிக்குப்பத்து வீட்டு மாடியில் காயப்போட்ட துணி அரை மணியில் அப்பளமாகிவிட்டிருந்தது. அதை உருவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"உங்க அண்ணன் மெசேஜ் போட்டிருக்காருங்க. இந்த வருஷத்தோட டீம்லேருந்து அவர் பேரை எடுத்துடணுமாம். உங்ககிட்ட சொல்லிட்டாருல்ல?"

சொல்லவில்லை. மூன்று வருடங்களாக அண்ணன் என்னிடம் எதுவுமே சொன்னதில்லை. நானும் அவனிடம் சொன்னதில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் மிச்சமிருந்தது அந்த டீம் ஒன்றுதான். அதுவும் போனால் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒருவன் கள்ளிக்குப்பத்திலும் ஒருவன் மாங்காட்டிலும், தனித்தனி ஊர்க்காரர்களாகிவிடுவோம். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலிலேயே நின்றேன். அவனைப் போகவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. எப்படி என்று தோன்றவில்லை.

அது என்ன டீம் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்காக அம்பத்தூர் எஸ்டேட்டில் நடக்கும் அலுவலகத்தில் அண்ணன் வெகுநாளாக வேலை பார்க்கிறான். போனில் வரும் அமெரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றியே பேசுவார்களாம். அவர்களுக்குப் பதில் பேசக் கற்றுக்கொள்ளப் போய், இவர்கள் அந்த ஆட்டத்திலேயே விழுந்துவிட்டார்கள். பெயர்தான் ஃபுட்பால். காலால் உதைப்பது குறைவு. இரு முனையும் கூரான ஒரு பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான், பத்துப் பேர் அவன் மேல் விழுவார்கள். நிஜமான அந்த ஆட்டக்காரர்களை நாங்கள் எட்டு டீமாக எங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வோம். அங்கே அவன் மைதானத்தில் ஓடினால் இங்கே எங்களுக்குப் புள்ளி. அதில் டைனஸ்டி என்பது ஒரு வகை. வருடம் முடிந்ததும் டீமைக் கலைக்க மாட்டோம். ஒருமுறை எடுத்தவன் கிழவனாகி ஆட்டத்தை விடும்வரை நம்மோடுதான். அதனால் கல்லூரி முடித்துப் புதிதாக இறங்கும் பையன்களை, ரூக்கிகளை, வருடா வருடம் வரிசை வைத்து எடுக்கும் டிராஃப்ட்தான் எங்களுக்குத் திருவிழா.

எட்டு டீம்காரர்களில் ஒருவர்கூட அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவரில்லை. எங்கள் லீகை நடத்தும் டியூஷன் சென்டர்காரரின் மச்சினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பந்து ஒன்று மட்டும் அவர் மேசைமேல், கேள்வித்தாள்கள் பறக்காமல் இருக்க, காற்றிறங்கிக் கிடக்கும்.

அண்ணனுக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். "டேய், நீ சும்மாதானே கீறே, பாதி டீம் நீ பாத்துக்கோ" என்று என்னைச் சேர்த்துக்கொண்டான். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது என் வேலை, நடுநடுவே கவிதை. அவன் கண்ணுக்கு அது சும்மா இருப்பதுதான். டீமை நடத்தும் ஆப்புக்கு இருவருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. டிராஃப்டில் முதல் சுற்று அவனுடையது, இரண்டாம் சுற்று என்னுடையது, மறுபடி அவன், மறுபடி நான். அந்த முறையை நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை.

எங்கள் லீகில் ஒரு வழக்கம் உண்டு. டிராஃப்ட் முடிந்த கையோடு யார் நன்றாக எடுத்தார் என்று பேசக் கூடாது. மூன்று வருடம் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு மே மாதமும், புது டிராஃப்டுக்கு முன்னால், கொரட்டூரில் அந்த டியூஷன் சென்டரில் கூடி, மூன்று வருடத்துக்கு முந்தைய டிராஃப்டுக்கு மார்க் போடுவோம். கரும்பலகையில் இரண்டு பத்தி: 'அன்று', 'இன்று'. அந்தப் பையன் இப்போது எப்படி ஆடுகிறான் என்பது 'இன்று'. அது சிரிக்கவும் வயிறெரியவும் மட்டும். மார்க் 'அன்று' பத்திக்குத்தான். எடுத்த நாளில் உனக்கு என்னென்ன தெரியும், அதை வைத்து நீ யோசித்தது சரியா.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவனே அண்ணன்தான். பாடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்களோடு ஆடுகிறார். ஒருமுறை அவர் எடுத்த பையன் எல்லாரையும் தாண்டிப் பெரிய ஆளாகிவிட்டான். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டோம்.

"பேரு கூப்ட ஈஸியா இருந்துச்சு மாமே, அதான்."

அண்ணன் பத்துக்கு இரண்டு மார்க் போட்டான்.

"இன்னா மாமே அநியாயமா கீது! என் ஆளு ராஜா மாறி ஓடிகினு கீறான்!"

"ஓடறது அவன். எடுத்தது நீ. எடுத்ததுக்குதான் மார்க்கு. அப்பால ஆனது உன் கையிலயா கீது?"

அன்றைக்கு நானும் சிரித்தேன். சட்டம் எனக்குப் பிடித்திருந்தது. நல்ல கவிதை வரிபோல அது தன் கால்களில் நின்றது. அதை டியூஷன் சென்டர் மாடியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நைனாவுக்கு நெஞ்சில் வால்வு கெட்டுப்போயிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய தை மாதம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். எக்கோ எடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், அண்ணன் தன் போனில் ஒரு கல்லூரிப் பையன் ஆடியதைக் காட்டினான். உயரமான ரிசீவர், பறந்து வரும் பந்தைப் பிடிக்கிற ஆள். மூன்று பேருக்கு நடுவே எம்பி ஒற்றைக் கையால் பந்தை மாம்பழம்போலப் பறித்தான். சக்கர நாற்காலியிலிருந்து நைனா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இவன், புடுங்கிகினு ஓடறான். போலீசு இல்லியா அந்த ஊர்ல?"

"இவன்தான் நைனா இந்த வருசம் நம்ம ஆளு" என்றான் அண்ணன். "மூணாவது எடம் நமக்கு. அதுவரைக்கும் இவன் இருந்தான்னா உட மாட்டேன்."

"புட்ச்சி போடு" என்றார் நைனா. ஏதோ கோழியைச் சொல்கிற மாதிரி.

மாசி பிறந்து சில நாளில் ஆபரேஷன். அண்ணன் கையெழுத்துப் போட்டான். நான் அன்று திருச்சியில் ஒரு கவிதைக் கூட்டத்தில் இருந்தேன். நைனா கண் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில், சாப்பாட்டுப் பந்தியில், ஒன்றுவிட்ட மாமா ஒருவர் என்னதான் ஆச்சு, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன்தானே என்று கேட்டார். எதிர்வரிசையில் மொட்டைத் தலையோடு அண்ணன் உட்கார்ந்திருந்தான். எல்லார் காதிலும் விழும்படி நான் சொன்னேன்: "அண்ணங்கிட்ட கேளுங்க மாமா. கையெழுத்து போட்டவரு அவருதான்."

ரசத்துக்குக் குவித்த சோறு அவன் இலையில் அப்படியே இருந்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தான். இரண்டு மாதத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு மாங்காட்டில் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோய்விட்டான்.

அந்த மே மாதம்தான் டிராஃப்ட் வந்தது. எங்கள் டிராஃப்ட் சாவகாசமானது. பகலில் மட்டும் நடக்கும், ஒவ்வொருவருக்கும் நாலு மணி நேரம். பன்னிரண்டு மணிக்கு எங்கள் முறை வந்தது. அந்த ரிசீவர் இன்னும் பட்டியலில் இருந்தான். பெயருக்குப் பக்கத்தில் அவனை எடுப்பதற்கான பச்சைப் பொத்தான். ஐந்து முறை ஆப்பைத் திறந்து பார்த்தேன். முதல் சுற்று அண்ணனுடையது. அவன் எடுப்பான் என்று மூடிவைத்தேன். நாலு மணி தாண்டித் திறந்தபோது மூன்றாம் இடத்தில் வேறு ஒரு பெயர் இருந்தது. கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்த ஒரு ரன்னிங் பேக், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள். அவன் இனி ஓடுவதே சந்தேகம் என்று ஊருக்கெல்லாம் தெரியும். எங்கள் ரிசீவரை நாலாம் இடத்துக்காரர் எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. வேண்டுமென்றே செய்திருக்கிறான். நைனா பார்த்துச் சிரித்த பையனைப் பிறத்தியாருக்கு விட்டு, கால் கிழிந்தவனை எடுத்து என் முகத்தில் எறிந்திருக்கிறான். பந்தியில் பேசாதவன் பேசிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நாங்கள் அந்த ஆப்புக்குள்தான் குடியிருந்தோம். ஆட்டத்துக்கு யாரை இறக்குவது என்று நான் ஒரு வரிசை வைப்பேன். காலையில் பார்த்தால் அதில் ஒருவன் மாறியிருப்பான். நான் திருப்புவேன். மறுபடி மாறும். மாற்றம் விடியற்காலையில் நடந்திருந்தால் அவனுக்கு இரவு ஷிஃப்ட் என்று தெரியும். இரண்டு வாரம் ஒன்றும் மாறாதபோது உடம்புக்கு என்னவோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகு ஒரு புதன்கிழமை யாரோ ஒரு ஆட்டக்காரன் இடம் மாறுவான், நான் சோறு தின்பேன். மார்க் போடும் கூட்டத்துக்கு நான் போவேன், அவன் வர மாட்டான். அவனுடைய மார்க்குகள் மெசேஜில் வரும்.

இந்த வருடம் வந்தான். விலகுகிறவர் நேரில் வந்து கடைசி மார்க்கைப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று டியூஷன் சென்டர்காரர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாராம். எங்களை ஓர் அறையில் உட்காரவைக்க அவர் செய்த உபாயம் அது என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க அண்ணன் உட்கார்ந்திருந்தான். கழுத்து மெலிந்து, தாடி முழுக்க நரைத்து, நைனாவின் ஜாடை வந்திருந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

முதல் இரண்டு இடங்களுக்கு மார்க் போட்டு முடித்தோம். டியூஷன் சென்டர்காரர் சாக்பீஸோடு திரும்பினார். "மூணாவது. அண்ணன் தம்பி டீம்."

ஸ்பேர் பார்ட்ஸ்காரர் தொடையைத் தட்டினார். "இதுக்கோசரம்தான் மூணு வருசமா வெயிட் பண்ணிகினு கீறேன். முட்டி போனவன தூக்கி வெச்சிகினு தங்கத்த கீழ உட்டாங்க. அந்தம்மா நோவாம பொறுக்கினாங்க."

அந்தம்மா என்றது நாலாம் இடத்துக்காரரை, அண்ணனின் அலுவலகத்தில் டீம் லீடர். "தினமும் விளக்கேத்தும்போது உங்க ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் கும்பிடறேன்" என்றார்.

டியூஷன் சென்டர்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அன்னைக்கு என்ன தெரிஞ்சு எடுத்தீங்க?"

அண்ணன் பலகையைப் பார்த்தபடி சொன்னான். "அத எடுத்தவன்கிட்ட கேளுங்க."

"மொத ரவுண்டு அண்ணனோடது" என்றேன். "என்னை ஏன் கேக்கறீங்க?"

"நான் எடுக்கல."

"நானும் எடுக்கல."

"அப்ப உங்க நைனாவா வந்து எடுத்துகினு போனாரு?" என்றார் ஸ்பேர் பார்ட்ஸ்காரர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டியூஷன் சென்டர்காரர் லேப்டாப்பைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தேடினார். "ரெண்டு பேருமே எடுக்கலைங்க. நாலு மணி நேரம் முடிஞ்சுபோச்சு, ஆப்பே எடுத்திருக்கு. அதுக்கு முட்டி கிழிஞ்சதெல்லாம் தெரியாது, பழைய பட்டியல்ல மேல இருந்தவனை எடுத்துடுச்சு. இதோ, ஆட்டோன்னு போட்டிருக்கு பாருங்க. நடத்தறவன் பக்கத்துல மட்டும்தான் இது காட்டும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். மூன்று வருடத்தில் முதல் முறை.

"நீ பாத்துகினு இருந்தியாடா அன்னிக்கு?"

"அஞ்சு வாட்டி தொறந்து பாத்தேன்."

"நான் கேன்டீன்ல ஒக்காந்துகினு போனையே பாத்துகினு இருந்தேன். நீ அமுக்குவேன்னு."

"மொத ரவுண்டு உன்னுதுண்ணா."

"தெரியும். நீ அமுக்கியிருந்தின்னா உனுக்குக் கோவம் போச்சுன்னு எடுத்துகினு இருப்பேன்."

அவன் அமுக்கியிருந்தால் நானும் அதையேதான் நினைத்திருப்பேன். நாலு மணி நேரம், ஆளுக்கொரு போனில், ஒரே பச்சைப் பொத்தானை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். எஸ்டேட்டுக்கும் கள்ளிக்குப்பத்துக்கும் நடுவே என்ன பெரிய தூரம்? ஒரு ஷேர் ஆட்டோ ஏறினால் வந்துவிடலாம்.

அண்ணன் எழுந்து வெளியே போனான். நான் பின்னால் ஓடினேன். மாடிப்படித் திருப்பத்தில், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் குழாய்க்குக் கீழே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

இவ்வளவு எழுதியும் ஒன்றை நான் எழுதாமலே வந்திருக்கிறேன். அன்று திருச்சியில் எனக்கு அவன் போன் செய்தான். 'பண்ணா நடப்பாருன்றாங்க, பண்லேன்னா மூச்சு வாங்கிகினேதான் இருப்பாராம், இன்னாடா பண்லாம்?' என்று கேட்டான். மைக்கில் அடுத்த பெயராக என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 'போடுண்ணா, கையெழுத்து போட்டுடு' என்று சொல்லிவிட்டு மேடை ஏறினேன். கையெழுத்து இரண்டு பேருடையது. பந்தியில் அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

"அண்ணா" என்றேன். "போன்ல போடுன்னு சொன்னது நான்தான்."

"கேட்டவன் நான். எனுக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு ஏன் நீ அத சொல்லல? அத்தினி பேர் முன்னாடி நான் அப்டி பேசும்போது?"

அவன் துண்டால் முகத்தை மெதுவாகத் துடைத்தான். "சொன்னா ரெண்டு பேரும் சேந்து அனுப்பி வெச்சிட்டானுங்கன்னு பேசுவாங்க. எதுக்கு? ஒருத்தன் போதும்."

"அப்ப போவாதண்ணா. அது ஆப்பு பண்ண வேல. நீயும் பண்ல, நானும் பண்ல. தெரிஞ்சுபோச்சுல்ல."

"தெரிஞ்சுபோச்சுடா. ஆனா மூணு வருசம் அந்த முட்டி போனவன் பேர தெனம் பாத்தேன். நீ என் மூஞ்சில துப்புனதா நெனச்சி தொடச்சிகினே இருந்தேன். இன்னிக்கு நீ துப்பலன்னு சொல்றாங்க. சரி. தொடச்சது தொடச்சதுதானே?" துண்டை உதறித் தோளில் போட்டான். "அத தொறந்தாலே எனுக்கு ஆஸ்பத்திரி வராண்டாதான்டா வருது. முடியல. டீமுக்கும் ஒருத்தன் போதும். நீ வெச்சிக்கோ."

அவன் குரலில் கோபம் இருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டு இழுத்து வைத்திருப்பேன். அவனோ பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரனுக்கு ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுக்கிறவன்போலப் பேசினான்.

கீழே வண்டியை எடுக்கும்வரை கூடவே போனேன். ஸ்டாண்டு சூடாகி அவன் காலைச் சுட்டது. "ஊட்டுக்கு வாண்ணா" என்றேன்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கேட்டான். "நைனா ரூம்ல இப்ப யாரு படுக்கறா?"

"யாரும் இல்ல. பொஸ்தகம் அடுக்கி வெச்சிக்கீறேன்."

"ஜன்னல தொறந்து வெய்யி. கரையான் வந்துடும்."

ஏரிக்கரைப் பக்கமாக வண்டி திரும்பியது. வெயிலில் சாலை நீர்போல நெளிந்தது. அவன் அதற்குள் இறங்கி நடப்பவன்போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தான்.

நான் மேலே வந்தபோது எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஸ்பேர் பார்ட்ஸ்காரர் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

"ஆட்டோவுக்கு மார்க் கிடையாதுங்க" என்றார் டியூஷன் சென்டர்காரர். "கோடு போட்டுட்டுப் போயிடலாம்."

"கோடு வேணாம். முட்டை போடுங்க."

"யாரும் எடுக்கலையே. அன்னைக்கு என்ன தெரிஞ்சு எடுத்தீங்கன்னு யாரைக் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க. அன்னைக்கு எனக்கு எல்லாமே தெரியும்."

அவர் 'அன்று' பத்தியில் ஒரு சுழியம் போட்டார். பிறகு லேப்டாப்பில் எங்கள் டீமின் பக்கத்தைத் திறந்தார். உரிமையாளர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள், நடுவில் ஒரு கமா. முதலில் இருந்த அண்ணன் பெயரைத் தேர்ந்து நீக்கச் சொன்னதும், நிச்சயமா என்று திரை கேட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதை நான் பண்ண மாட்டேங்க" என்றார்.

நான் அழுத்தினேன்.